வக்ஃபு செய்யப்பட்ட இருப்புப் பாதை

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் குர்பானித் தோல்கள் மதரஸாக்களுக்கு வந்து சேர்வதை நாம் சிறு வயது முதலே கண்டு வருகிறோம். தோல் விற்ற காசு ஓதும் பிள்ளைகளுக்குச் சோறாகிறது. அத்தகைய தோல்கள் ஒரு காலத்தில் தண்டவாளங்களாகவும் மாறின என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கும். ஷாம் நாட்டுத் திமிஷ்கு நகரை, அதாவது டமாஸ்கஸை, மதீனா முனவ்வராவோடு இணைத்த ஹிஜாஸ் இருப்புப் பாதைக்குக் குர்பானித் தோல் விற்ற பணமும் சென்றது என்பது வரலாறு.

அப்பாதை அமையுமுன் திமிஷ்கிலிருந்து புறப்படும் ஹஜ் கூட்டத்தார் மதீனாவை அடைய ஏறத்தாழ 40 நாட்கள் ஆயின. நீரின்மை, நோய், வழிப்பறி ஆகிய மூன்றையும் கடந்தே அவர்கள் செல்ல வேண்டியிருந்தது. 1900 ஆம் ஆண்டு மே மாதம், துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவ்வழியில் இருப்புப் பாதை அமைக்க ஆணையிட்டார்.

அப்போது உஸ்மானியப் பேரரசு கடனில் மூழ்கியிருந்தது. அதன் வருவாயின் ஒரு பகுதி 1881 முதலே ஐரோப்பியக் கடன்காரர்களின் மேற்பார்வையில் இருந்தது. பக்தாது இருப்புப் பாதைக்கு ஜெர்மானியர் முதலீடு செய்தனர். ஹிஜாஸ் பாதைக்கோ அந்நியர் முதல் வேண்டாம் என்று சுல்தான் முடிவு செய்தார். தம் சொந்தப் பணத்திலிருந்து நன்கொடை அளித்துத் தொடங்கி வைத்தார். உலக முஸ்லிம்களிடம் நிதி திரட்டப்பட்டது. நம் நாட்டில் அமிர்தசரஸ் நகரின் 'வகீல்' பத்திரிகை ஆசிரியர் முஹம்மது இன்ஷாஉல்லாஹ் இதற்காக ஓயாது எழுதினார். நன்கொடையாளருக்குப் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. எனினும் வந்தது முழுவதும் மனமுவந்து தந்த பணமன்று. அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. தனி முத்திரைத் தலைகளும் விற்கப்பட்டன. மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நன்கொடையால் கிடைத்தது என்பர்.

வேலையை மேற்பார்த்தவர் மெய்ஸ்னர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். மண் சுமந்தவர்களோ பெரும்பாலும் துருக்கிப் படைவீரர்கள். பாலைவெயிலிலும் காலராவிலும் மாண்டோர் பலர். பாதை 1903 இல் அம்மானையும், 1904 இல் மஆனையும், 1906 இல் தபூக்கையும் எட்டியது. ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டு நாயகம் (ஸல்) அவர்கள் படையுடன் சென்ற அதே தபூக் அது. ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ரு என்னும் மதாயின் ஸாலிஹையும் அது கடந்தது. அதற்குத் தெற்கே முஸ்லிம் பொறியாளர்களே பணியாற்றினர். முக்தார் பே அவர்களுக்குத் தலைமை ஏற்றார். 1908 செப்டம்பர் 1 அன்று மதீனாவில் திறப்பு விழா நடந்தது. பாதையின் நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். நாற்பது நாள் வழி மூன்றே நாட்களாகச் சுருங்கிற்று.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நெஞ்சம் குளிரும். ஆனால் வரலாறு இவ்வளவில் நிற்கவில்லை.

அப்பாதை ஹாஜிகளை மட்டும் சுமக்க எழுந்ததன்று. தொலைவிலுள்ள ஹிஜாஸைத் தம் பிடிக்குள் இறுக்கவும், படைகளை விரைந்து அனுப்பவும் சுல்தான் அதனை விரும்பினார். மற்றொரு பக்கத்தில், ஹாஜிகளுக்கு ஒட்டகம் வாடகைக்கு விட்டும் வழிகாட்டியும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த பதவீ அரபிகள் இருந்தனர். புகைவண்டி அவர்களின் அடுப்பை அணைத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் வீணன்று. மதீனாவை நெருங்கிய பாதையை ஹர்பு குலத்தார் தாக்கினர். பாதையை மக்கா வரை நீட்டும் எண்ணம் குலத்தாரின் எதிர்ப்பாலும், மக்காவின் ஷரீஃபின் எதிர்ப்பாலும் கைகூடவில்லை.

உலகப் போர் மூண்டது. 1916 ஜூனில் ஷரீஃப் ஹுசைன் துருக்கியருக்கு எதிராக எழுந்தார். ஆங்கிலேயர் வெடிமருந்து தந்தனர். லாரன்ஸ் போன்ற அதிகாரிகளையும் அனுப்பினர். தண்டவாளங்களும் பாலங்களும் தகர்ந்தன. முஸ்லிம்களின் தர்மப் பணத்தில் எழுந்ததை முஸ்லிம்களின் கைகளே தகர்த்ததைக் காண்கிறோம். மதீனாவைக் காத்து நின்ற ஃபக்ரீ பாஷா, முற்றுகையின் நெருக்கடியில் அந்நகர மக்களுள் பெரும்பாலோரை அதே புகைவண்டியில் ஏற்றி வடக்கே அனுப்பினார். நபிகளாரின் நகருக்கு மக்களைக் கொண்டுவர அமைத்த வண்டி, அந்நகர மக்களையே வெளியே கொண்டுசென்றது. 1919 ஜனவரியில் மதீனா வீழ்ந்தது.

போருக்குப் பின் பாதை துண்டு துண்டாயிற்று. வடபகுதிகள் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் கைகளுக்குப் போயின. இது வக்ஃபு, இதனைப் பங்கிட எவருக்கும் உரிமையில்லை என்று முஸ்லிம்கள் முறையிட்டனர். 1923 இல் லோஸான் மாநாட்டில் பாதையின் சமயத் தன்மை ஏற்கப்பட்டது. ஆயினும் அது மீண்டும் ஒன்றாகவில்லை. 1960களில் தொடங்கிய சீரமைப்பும் 1967 ஆம் ஆண்டுப் போரோடு நின்றது. மதீனாவின் பழைய நிலையம் இன்று அருங்காட்சியகம். மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் அதிவேக இரயில் வர 2018 வரை, அதாவது 110 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

அப்படியாயின் தோல் கொடுத்தவனின் ஸதகா வீணாயிற்றா? இல்லை. அவனுடைய கூலி அவனது நிய்யத்தைச் சார்ந்தது. அல்லாஹ்விடம் அது பத்திரமாயிருக்கும். கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. இத்தனை நாடுகளில் நிதி திரட்டியவர்கள், பாதையோரத்தில் ஒட்டகத்தைப் பிடித்து நின்றவனையும் அப்பணியில் பங்காளியாக்கியிருந்தால் என்ன? அவனுக்குக் கையூட்டும் காவற்படையும் காட்டப்பட்டன; நிலையான பிழைப்பு காட்டப்படவில்லை. பின்னாளில் வேறொருவர் பொன்னும் வெடிமருந்தும் காட்டியபோது அவன் கை அப்பக்கம் நீண்டது.

நம் ஊர்களில் பள்ளிவாசலுக்குக் கடைகள் கட்டுகிறோம், மதரஸாவை விரிவாக்குகிறோம், வக்ஃபு நிலத்தைத் திருத்துகிறோம். அப்போதெல்லாம் அங்கே நெடுநாள் பிழைத்து வந்தவனை அழைத்து முதலில் உட்கார வைத்துப் பேசுவோமாக. நற்பணிக்குப் பணம் சேர்ப்பதைவிட அது கடினமான வேலை. ஆனால் அதைச் செய்யாமல் போட்ட பாதை எட்டு ஆண்டுகளே முழுதாய் ஓடியது.