கங்காணி

மலாயாத் தோட்டங்களில் தொழிலாளரை மேய்த்தவர்; தமிழகத்திலிருந்து ஆள் கட்டி வந்தவரும் இவரே. உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடுத்ததும் ஆள்கட்டு நின்றது, மேற்பார்வை தொடர்ந்தது. ஜொகூர், குளுவாங் மாவட்டத்து ரெங்கம் போன்ற தோட்டப்புறங்களில் துரை (வெள்ளைக்கார மேலாளர்), கிராணி (எழுத்தர்), கங்காணி, தொழிலாளி என்ற படிவரிசையே நிர்வாகமாக இருந்தது. பால்மரம் (ரப்பர்) வெட்டியவரே கங்காணியானதும் கீழிருப்பவரை அதட்டினார், துரைமுன் கைகட்டி நின்றார். ஒரே மனிதரிடம் இரு நடத்தைகள் இருந்ததால், அந்த அதிகாரத்தைப் பிறவிக்குணம் என்பதைவிடப் பார்த்துப் பழகிய பாத்திரம் என்பதே பொருந்தும்.

ஆதாயமே காரணம் என்று மறுக்கலாம். ஆள் கணக்கில் கிடைத்த தரகு கங்காணியைக் கடுமையாக்கியது உண்மைதான். ஆனால் பணம் முழு விளக்கமாகாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். காசு பெறாத இந்தச் சடங்குதான் ஒவ்வொரு நாளும் மேல் கீழைக் கற்பித்தது; அதைக் குறிவைத்தது அவர்களின் கூர்மையான அரசியல் அறிவு. போராட்டத்தை அரசு படைகொண்டு அடக்கியது, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், தொழிலாளியின் பிரதிநிதி முதலாளிமாருடன் பேச்சுவார்த்தைக்கு அமரும் புதிய பாத்திரத்தை நிலைப்படுத்தியது.