உருளையில் பொறித்த நாளும் ஆக்கப்பட்ட காலமும்: கோல்ட் 1851 நேவி சுழல்துப்பாக்கியை இனங்காணல்

முன்னுரை

உலோகத் தோட்டா பரவலாவதற்கு முன், சுழல்துப்பாக்கியின் உருளையிலுள்ள அறைகளில் கருமருந்தும் ஈயக்குண்டும் முன்புறமிருந்து திணிக்கப்பட்டன. பின்புறத்தில் பொருத்திய கேப்பு எனும் சிறு செப்பு மூடியைச் சுத்தியல் தட்டியதும் மருந்து தீப்பற்றியது. இவ்வகையுள் பெருமளவில் ஆக்கப்பட்டது சாமுவேல் கோல்ட்டின் 1851 நேவி. ஆறு அறைகள், எண்கோணக் குழல், 0.36 அங்குல உள்விட்டம் ஆகியன இதன் இயல்புகள். இதன் காலத்தைக் கணிக்கும் நெறியை இக்கட்டுரை ஆராய்கிறது.

உருளைக் காட்சி

நேவியின் உருளையில் ஒரு கடற்போர்க் காட்சியும் 1843 மே 16 என்ற நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. இதனை ஆக்கநாளாகக் கொள்வது பிழையாகும். டெக்சாஸ் குடியரசின் கடற்படை, மெக்சிகோவின் கப்பல்களோடு கம்பேச்சி அருகே பொருத நாள் அது. அக்கடற்படை கோல்ட்டின் தொடக்ககாலத் துப்பாக்கிகளை வாங்கியிருந்தது. காட்சியைச் செதுக்கியவர் டபிள்யூ. எல். ஓம்ஸ்பி. துப்பாக்கியின் உற்பத்தியோ 1850 அளவில் தொடங்கி 1873 வரை நீடித்தது. இதே காட்சி உருண்டைக் குழல் கொண்ட 1860 ஆர்மி, 1861 நேவி ஆகியவற்றிலும் காணப்படுகிறது. ஆகவே அது காலத்தையும் காட்டாது, வகையையும் உறுதிசெய்யாது.

முகவரியும் எண்ணும்

கோல்ட்டின் முதன்மை ஆலை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இருந்தது. 1853இல் லண்டனிலும் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. குழலின் மேற்புறத்தில் உள்ள நியூயார்க் அல்லது லண்டன் முகவரி முதற்சான்றாகும். பிரித்தானியச் சோதனை முத்திரை மட்டும் லண்டன் ஆக்கத்தை நிறுவாது; ஹார்ட்ஃபோர்டில் செய்து பிரித்தானியாவில் விற்கப்பட்டவையும் அம்முத்திரையைப் பெற்றன. ஹார்ட்ஃபோர்டில் ஏறத்தாழ 2,15,000, லண்டனில் ஏறத்தாழ 42,000 நேவிகள் தனித்தனி எண்வரிசையில் ஆக்கப்பட்டன. எனவே, எந்த வரிசை எனத் தெளியாமல் எண்ணைக் கொண்டு ஆண்டைக் கணித்தல் பொருந்தாது. குழல், சட்டகம், விசைக்காப்பு, உருளை ஆகியவற்றின் எண்கள் முரண்பட்டால், பகுதிகள் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். இத்தாலியச் சோதனை முத்திரை இருப்பின், அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நகலாகும்.

முடிவுரை

நினைவுகூரப்படும் நிகழ்வின் காலமும் பொருள் ஆக்கப்பட்ட காலமும் வேறு என்பது நாணயம், பதக்கம் ஆகியவற்றுக்கும் பொருந்தும். ஒரு குறியை மற்றொன்று உறுதிசெய்யும்போதே முடிவு வலுப்பெறும். துரு நீக்குவதாகக் கருதி உருளையைத் தேய்ப்பின், மெல்லிய காட்சியும் எண்ணும் அழியும். அவற்றை மீட்க இயலாது. ஆதலால், தூய்மை செய்வதற்கு முன் குறிகள் அனைத்தையும் படமெடுத்துப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.