தேங்காய் எண்ணெய்

முற்றிய தேங்காயின் பருப்பிலிருந்தோ பாலிலிருந்தோ எடுக்கப்படும் கொழுப்பே தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகும் தன்மையுடையது என்பதால் மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். உறைந்துவிட்டது என்பதற்காக அதைக் கெட்டுப்போனதாக எண்ண வேண்டியதில்லை.

தமிழர் வீடுகளில் இந்த எண்ணெய்க்கு ஊருக்கு ஊர் இடம் மாறும். காஞ்சிபுரத்திலும் அதையொட்டிய திருப்பருத்திக்குன்றத்திலும் பெரும்பாலும் அது சீப்புக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில் இருக்கும். அடுப்படியில் இருப்பவை கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரேஷன் பாமாயில். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் கோயில் இட்லிக்கும் நெய்யும் நல்லெண்ணெயும்தான். நாகர்கோவில் பக்கம் போனால் நேந்திரங்காய் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில்தான் பொரிகிறது. அவியலை இறக்கியதும் மேலே பச்சை எண்ணெயை விட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, உடனே மூடி வைப்பார்கள். அந்த மணத்தை வேறு எந்த எண்ணெயும் தராது.

இது உண்ணும் பொருளா, தலைக்குத் தடவும் பொருளா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. சிறிய பாக்கெட்டில் விற்பதால் அதைக் கூந்தல் எண்ணெயாகக் கருதி வரி விதிக்க வேண்டும் என்றது வரித்துறை. 2018இல் வழக்கை விசாரித்த நீதிபதிகள் இருவரும் வேறுபட்டார்கள். ரஞ்சன் கோகோய் அதைச் சமையல் எண்ணெய் என்றார், ஆர். பானுமதி கூந்தல் எண்ணெய் என்றார். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு வழக்கை முடித்தது. கூந்தல் எண்ணெய் என்று குறிப்பிட்டு விற்காதவரை, சிறிய பாக்கெட்டில் இருந்தாலும் தூய தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயே என்பது தீர்ப்பு. அப்போதைய ஜிஎஸ்டியில் சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடு, கூந்தல் எண்ணெய்க்கு 18 விழுக்காடு.

தமிழ்நாட்டில் கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் பெயர்பெற்ற ஊர் திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம். களங்களில் உடைத்த தேங்காயை பருப்பில் வெயில் படும்படி நிமிர்த்திப் பரப்புகிறார்கள். ஓரிரு நாளில் பருப்பு சுருங்கிச் சிரட்டையை விட்டுக் கழன்றுவிடும். அதன்பின் பருப்பை மட்டும் எடுத்து, ஈரம் சுமார் 6 விழுக்காடாகக் குறையும்வரை காயவைக்கிறார்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெயிலும் காறல் வாடை ஏறும். 2025 பருவத்தில் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் தர வேண்டும் என்று கொங்கு விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

உடல்நலம் என்று வரும்போது இதைப் பற்றி மிகையான பேச்சு அதிகம். இதன் கொழுப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற வகை. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். எளிதில் கெடாததற்கும் பொரிப்பதற்கு ஏற்றதாக இருப்பதற்கும் இந்த நிறைவுற்ற தன்மையே காரணம். இதயத்துக்கு அதுவே சுமை. 2020இல் ‘சர்குலேஷன்’ இதழ் 16 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையின்படி, வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 11 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு ஏறக்குறைய 22 கிராம். அவியலில் ஒரு கரண்டி விடலாம்; எடை குறையும் என்று நம்பித் தினமும் குடிப்பது தவறு.

முடிக்கும் தோலுக்கும் இதன் பயன் உறுதியானது. 2003இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு முடித்தண்டுக்குள் புகுவதே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வறண்ட தோலுக்கு இது நல்ல ஈரங்காப்பி. முகப்பரு வருபவர்கள் முகத்தில் தடவாமல் இருப்பது நல்லது.

சித்த மருத்துவத்தின் வெட்பாலைத் தைலத்துக்கும் இதுவே அடிப்படை. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் கருஞ்செவ்வூதாவாக மாறும். காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸுக்கு அதைப் பூசுகிறார்கள். 

இரண்டு பழக்கங்களைக் கைவிட வேண்டும். தீப்புண்ணில் உடனே எண்ணெய் தடவக் கூடாது. ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி வந்த நோயைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சலோ மூச்சிரைப்போ கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூக்கில் எண்ணெய் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.