கொல்லிமலை விருந்து



கெங்கவல்லிக்குத் தென்மேற்கே உயர்ந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர், அம்மலைப் புறத்துக் காட்டு வழியில் பசித்து வந்த பாணர் கூட்டமொன்று ஒரு வேட்டுவனை எதிர்ப்பட்டது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் இதனைக் கூறுகின்றார். பாணர் இசைத்தனர், ஈற்றில் ‘கோ’ என விளித்தனர். அது தன் பெயராதலின் வேட்டுவன் நாணினான். அவர்களை மேலும் புகழவிடாது, தான் வேட்டையாடிய மானின் கொழுப்புடைய இறைச்சியையும் மதுவையும் அளித்தான்.

காட்டு விருந்து இவ்வாறாயின், அரண்மனை விருந்து எத்தகையது? கரிகாலன் அளித்ததைப் பொருநராற்றுப்படை விரித்துரைக்கின்றது. துருவை என்பது செம்மறி. அறுகம்புல்லைத் திரித்துக் கட்டிய பழுதையைத் தின்று கொழுத்த செம்மறியின் பருத்த தொடை அங்கே நெகிழ வேகவைக்கப்பட்டது. கொழுத்த ஊன் துண்டுகளோ காழ் எனப்படும் இரும்புக் கம்பியிற் கோத்துச் சுடப்பட்டன. ஆக, தொடை வெந்தது. துண்டங்களே தீயிற் சுடப்பட்டன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது. சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்டார்களாம்! இரவும் பகலும் ஊன் தின்றதனால், கொல்லையை உழுத கொழுவைப் போலப் பற்கள் மழுங்கின என்கின்றான் பொருநன். ஏர் பிடித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வுவமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

இறைச்சியைப் பசுந்தழையுடன் சேர்த்து வாட்டுதல் மேலைநாட்டார் வழக்கம். நம் புலவனோ, புல்லை உயிருள்ள ஆட்டுக்கே ஊட்டியதை முதலிற் சொல்கின்றான். சுவை மேய்ச்சலிலேயே தொடங்குகிறது என்பதை அவன் அறிந்திருந்தான் போலும். இன்றும் சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடு இறைச்சிக்குப் பெயர் பெற்றதன்றோ!

மணமும் அவர்கள் அறியாததன்று. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலர், புலால் நாறும் ஊனுக்குப் பூமணம் கமழும் புகையூட்டிச் சமைத்ததைப் புறநானூற்றின் 14-ஆம் பாட்டிற் குறிக்கின்றார். தம் கை மென்மையாயிருப்பது அவ்வூனும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் அறியாமையால் என்கின்றார். கபிலர் அந்தணர். ஊனுணவைச் சொல்ல அவர் கூசவில்லை. படிக்கும் நாம் ஏன் கூச வேண்டும்? உண்பதும் உண்ணாமையும் அவரவர் விருப்பம். ஆனால் வரலாற்றைப் பயில்வோர் தமக்கு ஒவ்வாத பக்கத்தைப் புரட்டாமல் விடுதல் முறையன்று.

அந்நாளைக் காரம் மிளகே. வெண்ணெய், மிளகு, கறிவேப்பிலை ஆகியன சேர்ந்த சமையலைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. அங்கே வெந்தது மாதுளங்காய். மிளகாயோ அமெரிக்கப் பயிர். 1498-இல் வாஸ்கோ ட காமா கடல்வழி கண்ட பின்னரே போர்த்துகீசியரால் இங்கு வந்தது.

இவையெல்லாம் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்தன. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சிட்டார். அதன் பின்னரே, பாணர்க்கு ஊனோடு தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் கலந்து ‘கொள்க’ என்று காட்டு வழியிலேயே கொடுத்தனுப்பிய ஓரியைக் கொல்லிமலை அடிவாரத்துப் பிள்ளைகளும் பாடநூலிற் காண முடிந்தது.