மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகள்

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 8

உத்திரமேரூர்ச் சுவரை விட்டு நகர மனமில்லைதான். ஆனால் கதை கடல் தாண்டியாக வேண்டும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளை இதுவரை பார்த்தோம். 30 குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள். கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் படிப்பு. கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை. அவன் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுப்பவன் சூதுவாது அறியாத சிறுவனாக இருக்க வேண்டும் என்றுகூட யோசித்த ஊர் அது. ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் அந்தச் சுவர் ஒன்றும் சொல்லவில்லை. பதவிக்குப் படிப்பும் ஒரு தகுதி என்று எழுதிவைத்த இடத்தில், அவளுக்குப் படிப்பு உண்டா என்ற கேள்வியே எழவில்லை.

அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டபோது முதலாம் பராந்தகன் 'மதுரை கொண்ட' பரகேசரி. ஆட்சியின் பிற்பகுதியில் பட்டம் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று நீண்டது. அந்த ஈழத்துக்குத்தான் இந்த வாரம் புறப்படுகிறோம், சுவரில் கிடைக்காத சிறுமியைத் தேடி.

*

யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் உடுவில். 2024-ல் அங்குள்ள மகளிர் கல்லூரிக்கு 200 வயது நிறைந்தது. கணக்கைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்கு வந்து இறங்கியது 1842-ல். யாழ்ப்பாணத்துக்கே திருக்குடும்பக் கன்னியர் வந்தது 1862-ல். உடுவிலை நடத்தியவர்கள் கன்னியர் அல்லர், அமெரிக்கப் புராட்டஸ்டன்டு மிஷனரிகள். ஆனாலும் நம் ஊரில் கான்வென்ட் என்றதும் மனதில் வருகிற விடுதி, மணி, ஜெபம், தையல், கண்டிப்பு எல்லாம் அங்கே முன்னதாகவே வந்துவிட்டன. ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி எங்களுடையதுதான் என்று பழைய மாணவியர் சொல்வார்கள். அந்தப் பெருமையில் நாம் தலையிட வேண்டாம்.

பழைய பள்ளியைக் காப்பது என்றால் சுவருக்கு வெள்ளையடித்து நூற்றாண்டு வளைவு கட்டுவது என்று நினைக்கிறோம். உடுவிலுக்கு வந்த சோதனைகள் வேறு மாதிரி. 1960-ல் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. தனியாகவே நிற்க விரும்பிய பெரிய பள்ளிகளுக்கு ஒரு நிபந்தனை போட்டது: மானியம் கிடையாது, மாணவர்களிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. உடுவில் தனியாக நிற்கத் துணிந்தது. அரசுப் பணமும் இல்லை, கட்டணமும் இல்லை என்றால் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? திருச்சபையிடமும் படித்துப் போனவர்களிடமும் தவிர வேறு யாரிடம் கை நீட்ட முடியும்?

அடுத்தது நெருப்பு. 1981 மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதன் பிறகு வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய பள்ளி மலருக்குக்கூடத் தனி மதிப்பு வந்துவிட்டது. 1995 அக்டோபர் 30-ல், போரின் நடுவே, வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். உடுவில் இருப்பது வலிகாமத்தில். ஊரே கிளம்பிவிட்ட பிறகு பள்ளிக்கூட அலமாரிக்கு யார் காவல்?

போனவர்கள் சிலர் திரும்பினார்கள். பலர் லண்டனுக்கும் டொரான்டோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். போன இடத்தில் பழைய மாணவியர் சங்கம் வைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளி மலர்களையும் நினைவு இதழ்களையும் 2005 முதல் 'நூலகம்' என்ற தன்னார்வ அமைப்பு மின்னூலாக்கி வருகிறது. அங்கே போய்ப் புரட்டினால் தெரியும், யாரோ ஒருத்தி தன் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இத்தனை பக்கங்கள் மிஞ்சின.

ஆனால் 200 ஆண்டுக்கு முந்தைய முதல் பக்கம்? அது இலங்கையிலேயே இல்லை. உடுவிலிலிருந்து அமெரிக்க மிஷனரிகள் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. இந்தப் பள்ளியின் கதை தொடங்குவதோ ஒரு மழை இரவில்.

*

1819 ஜூன் 8. பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியது. அதில் மைரன் வின்சுலோ இருந்தார். தமிழ் அகராதி புரட்டியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். 1862-ல் சென்னையில் வெளிவந்த, 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட பேரகராதி அவர் பெயரில்தான் இருக்கிறது. டாக்டர் ஜான் ஸ்கடரும் அதே கப்பலில் வந்தார். அவருடைய பேத்தி ஐடா வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஒரே கப்பலில் ஓர் அகராதியும் ஓர் ஆஸ்பத்திரியும் வந்தன என்று சொன்னால் மிகையில்லை.

நமக்கு வேண்டியவர் வின்சுலோவின் மனைவி ஹேரியட். கனெக்டிகட் மாநிலத்து நார்விச் ஊர்க்காரி, 1796-ல் பிறந்தவர். 1820-ல் இருவரும் உடுவிலில் குடியேறினார்கள். ஆண் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். பெண் பிள்ளைகள் வரவில்லை. கோயிலில் ஆடுகிறவள்தான் எழுத்துக் கற்பாள், குடும்பப் பெண்ணுக்கு அது எதற்கு என்பது அன்றைய ஊர்ப்பேச்சு.

இனி வருவது பள்ளியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மிஷன் வீட்டுத் தாழ்வாரத்தை இரண்டு சிறுமிகள் சுற்றிச் சுற்றி வந்தார்களாம். ஹேரியட் அவர்களை உள்ளே கூப்பிட்டு ஊசியும் நூலும் கொடுத்தார். தையல் பழகிக்கொண்டே எழுத்தும் பழகினார்கள். ஒருநாள் சாயங்காலம் பேய்மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக வழியில்லை. இருட்டிவிட்டது, பசி வேறு. அந்தச் சாதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெள்ளைக்காரி வீட்டுச் சோற்றைத் தொடுவது சின்னக் காரியமல்ல. சிறுமிகள் சாப்பிட்டார்கள். பாயில் படுத்துத் தூங்கியும் போனார்கள்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று நாம் ஆட்களைக் கேலி செய்கிறோமே, இவர்கள் மழைக்கு ஒதுங்கியே பள்ளிக்கூடத்தை உண்டாக்கினவர்கள்.

விடிந்தது. வாசலில் தகப்பன் வந்து நின்றார். பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

*

தகப்பன் அடிக்கவில்லை, அழைத்துப் போகவும் இல்லை. இவர்கள் உங்கள் சோற்றைத் தின்றுவிட்டார்கள், இனி நீங்களே வைத்து வளர்த்துப் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் என்கிறது கதை. கோபத்தில் சொன்னாரா, மகள்களுக்கு ஒரு வழி பிறந்தது என்று உள்ளுக்குள் நினைத்துச் சொன்னாரா? இரண்டாவதுதான் என்று நம்ப எனக்கு ஆசை. ஆசைக்கு ஆதாரம் கிடையாது.

1824-ல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி முறையாகத் தொடங்கியது. பிள்ளைகளுக்குச் சோறு, துணி, படிப்பு எல்லாம் மிஷன் செலவு. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணந்தால் சீதனமும் மிஷனே கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் பெண்ணைப் பெற்றவருக்கு இதைவிடப் பெரிய ஆசை எதைக் காட்ட முடியும்? இங்கே ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கு அறிவு வர வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இந்தப் பள்ளியை எழுப்பவில்லை. 1823-ல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினரி திறந்தாகிவிட்டது. அங்கே படித்து மதம் மாறும் இளைஞனுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவி தேவைப்பட்டாள். நோக்கம் மதம், விளைவாக வந்தது எழுத்து.

இன்னொரு விலையும் இருந்தது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவார்கள். உள்ளே வரும்போது ஊர்ப் பெயர், ஏட்டில் ஏறும்போது கண்டிராத யாரோ ஒரு சீமாட்டியின் பெயர். தன் கொள்ளுப்பாட்டி இங்கே படித்தாளா என்று தேடி வருகிறவளுக்குப் பதிவேடு கிடைத்தாலும் பாட்டி கிடைக்கமாட்டாள், பெயர்தான் மாறிப்போயிற்றே. அப்படிப்பட்ட இடத்தில் குடும்பத்தார் வாய்வழியாகச் சொல்லிவைத்த ஒரு வரி, பதிவேட்டைவிடப் பெரிய சான்று.

ஹேரியட் 1833 ஜனவரி 14-ல் உடுவிலிலேயே இறந்தார். வயது 36. பத்து வயதைத் தாண்டிய மூத்த மகன் சார்லஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார். அவனும் முந்தைய ஆண்டே நியூயார்க்கில் இறந்துபோயிருந்தான். உடுவிலில் பிறந்த மகளுக்கும் ஹேரியட் என்றுதான் பெயர். அவள் பேரன்மார் இருவர் பிற்காலத்தில் வாஷிங்டனில் உட்கார்ந்து உலகத்தை ஆட்டிவைத்தார்கள்: அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ். இதை நம் கதைக்குள் இழுத்தால் வழி தவறிவிடும். விடுதியில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளிடம் வருவோம்.

வின்சுலோ 1836-ல் சென்னைக்குப் போய்விட்டார். அதற்குள் லீவை ஸ்பால்டிங்கும் மனைவி மேரியும் பள்ளியைக் கையில் எடுத்திருந்தார்கள். ஆனாலும் பிள்ளைகளோடு முழுநேரமும் இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

*

நியூயார்க்கில் ஒரு பூகோள வகுப்பு. எட்டு வயதுச் சிறுமி எலைசா ஆக்னியூ, ஆசிரியை வரைபடத்தில் இந்தியாவையும் இலங்கையையும் தொட்டுக் காட்டியபோது, பெரியவளானதும் அங்கே போவேன் என்று முடிவெடுத்தாளாம். பெற்றோர் இருக்கும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் காலத்துக்குப் பிறகு, 32 வயதில் கப்பலேறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தாள். இலங்கைக்கு மணமாகாமல் தனியாக வந்த முதல் பெண் மிஷனரி அவள்.

ஏறத்தாழ 40 ஆண்டு. ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1,000-க்கு மேற்பட்ட பெண்கள் அவளிடம் படித்தார்கள். 'ஆயிரம் பெண்களின் தாய்' என்று ஊர் அவளை அழைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை அல்ல. அவளிடம் முதலில் படித்தவர்கள் தங்கள் மகள்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிறகு பேத்திகளும் வந்தார்கள். தகப்பன் வாசலில் விட்டுவிட்டுப் போன காலம் முடிந்து, தாயே கைப்பிடித்து அழைத்து வந்த காலம் பிறந்தது. பழைய மாணவியர் சங்கம் என்ற பெயரெல்லாம் பின்னாளில் வந்தது. மகளை அதே விடுதியில் சேர்த்த அந்த அம்மாக்கள்தான் அதன் முதல் உறுப்பினர்கள். ஆக்னியூ 1879-ல் ஓய்வு பெற்று, 1883-ல் மானிப்பாயில் இறந்தாள்.

ஆனால் அவள் அங்கே இருந்த காலத்திலேயே, 15-ஆம் ஆண்டில், பள்ளியின் உயிருக்கே ஆபத்து வந்தது. வெளியாரால் அல்ல, பணம் அனுப்பிய தலைமையகத்தாலேயே. மிஷனின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் கணக்குப் புத்தகத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். ஆங்கிலப் படிப்பால் செமினரிப் பையன்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள், ஊழியத்துக்கு ஆள் இல்லை என்பது அவர் வாதம். 1855-ல், 32 ஆண்டு நடந்த வட்டுக்கோட்டைச் செமினரியின் கதவு சாத்தப்பட்டது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம் அது. அதையே மூடியவருக்கு உடுவில் பெண்கள் எம்மாத்திரம்? அவருடைய பட்டியலில் அடுத்த பெயர் உடுவில்.

அவர் என்ன முடிவெடுத்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குள் வாசகியருக்கு ஒரு வேலை. உத்திரமேரூரிலோ, சாலவாக்கத்திலோ, வாலாஜாபாத்திலோ, காஞ்சிபுரத்திலோ பெண்கள் பள்ளியில் படித்தவரானால், உங்கள் வகுப்புப் படத்தைத் தேடி எடுங்கள். அம்மாவின் படம் இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். ஆண்டையும் வகுப்பையும் மறக்காமல் குறியுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு நகலைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)