காவிரிக் கரையும் மண் சுமந்தோரும்

காவிரி வெள்ளத்தை அடக்கியவன் கரிகாலன் என்றவுடன் நம் நினைவில் எழுவது கல்லணையே. ஆயினும், பழஞ்சாசனங்கள் அவனுக்கு உரியதாக்கும் புகழ் அணை கட்டியதன்று, கரை எடுத்ததாகும். புண்ணியகுமாரனின் மாலேபாடுச் செப்பேடு, கரைகடந்த காவிரியைக் கரிகாலன் தடுத்தான் என்கிறது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் கரையமைத்ததையே போற்றுகிறது. இவற்றினும் முற்பட்ட பட்டினப்பாலை அவன் குளம் அமைத்ததைக் கூறுகிறதேயன்றிக் காவிரிக் கரையைக் கூறவில்லை.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. அணை ஓரிடத்தில் நிற்பது. கரையோ ஊர்தோறும் தொடர்வது. ஒரு நண்டுவளை போதும், உடைப்பெடுக்க. ஆகவே கரை ஒருகால் எடுத்து முடிந்துவிடும் பணியன்று. ஆண்டுதோறும் மண் கொட்டவேண்டிய பணி. அம்மண்ணைச் சுமந்தவர் யார் என்னும் வினா இங்கு எழுகின்றது.

தெலுங்குச் சோழர் சாசனங்கள், திரிலோசனன் முதலிய அரசர்கள் கரிகாலனுக்காகக் கரை எடுத்தனர் என்கின்றன. கலிங்கத்துப்பரணியிலோ, கரைப்பணிக்கு வாராத முகரியின் உருவைப் படத்தில் எழுதுவித்து, மிகையான கண்ணை அழிக்க, அவனுக்கு அக்கண் அழிந்தது என்னும் செய்தி உள்ளது. இலங்கைச் சிறையாளர் கரையெடுத்தனர் என்பது பிற்கால வழக்கு. அதனை ஈண்டு விடுத்து மேற்செல்வோம்.

இனி வையைக்கு வருவோம். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் வெள்ளம் பெருகவே, பாண்டியன் கரையை அளந்து குடிகளுக்குப் பங்கிடுகிறான். துணையற்ற கிழவியாகிய வந்திக்கும் பங்கு நீங்கவில்லை. அவள் பங்கு அடைபடாதது கண்டு கூலியாளாக வந்தவர்மேல் பிரம்படி விழுகிறது. இறைவன் திருவிளையாடலை ஒருபுறம் வைத்து நோக்கின், எஞ்சுவது ஓர் ஊர்முறை. முகரி கதையும் இதுவும் ஆற்றாலும் காலத்தாலும் வேறுபட்டவை. எனினும் பணிக்குத் தவறியோர்க்குத் தண்டம் என்னும் கூறு இரண்டிலும் உண்டு. கரை காத்தல் விருப்பத்தின்பாற்பட்டதாக இருந்ததில்லை என்பதற்கு இவற்றைச் சான்றாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து.

இக்கட்டாயம் பிற்காலத்தில் சட்டத்திலும் ஏறியது. சென்னை மாகாணத்திற்கென 1858-இல் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ளத்தால் கரை உடையும் அச்சம் நேருங்கால் அண்டையிலுள்ளோரைப் பணிக்கு அழைக்க வழிசெய்தது. மறுத்தோர்க்குத் தண்டனையும் விதித்தது. ஆனால் வந்தியின் மதுரையில் பங்கு குடிதோறும் விழுந்தது. ஆளமர்த்தித் தன் பங்கை அடைக்கவும் இடமிருந்தது. 1858-ஆம் ஆண்டுச் சட்டமோ உழைப்பாளர் வகுப்பைச் சேர்ந்த உடல்வலி உள்ள ஆடவரையே சுட்டி அழைத்தது. கரைக்குள் நிலம் உடையோர் அவ்வழைப்பில் இல்லை.