கருந்துளை இணைவும் கணினிக் கணக்கும்

ஒன்றையொன்று சுற்றும் இரு கருந்துளைகள் ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழக்கின்றன. இழக்க இழக்கச் சுற்றுப்பாதை சுருங்கும், வேகம் கூடும், முடிவில் இரண்டும் ஒன்றாகிவிடும். அவை எட்ட இருக்கும் காலத்து இயக்கத்தை, நியூட்டன் விதிக்குத் திருத்தங்களை அடுக்கிச் சேர்த்துத் தாளிலேயே கணித்துவிடலாம். இணைந்தபின் எஞ்சும் ஒற்றைக் கருந்துளை அதிர்ந்து அடங்கும் விதத்தையும் 1970-இலேயே இந்திய இயற்பியலாளர் சி. வி. விசுவேசுவரா காட்டியிருந்தார். இடைப்பட்ட மோதல்தான் கைக்கணக்குக்கு அடங்காதது. ஈர்ப்பை விவரிக்கும் ஐன்ஸ்டைனின் பத்துச் சமன்பாடுகளும் அங்கே முழு மூச்சில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

1964-இல் ஹான், லிண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஐபிஎம் 7090 கணினியில் இந்த மோதல் கணக்கை முதன்முதலாக முயன்றனர். கணக்கு வெகுதூரம் போகவில்லை. அடுத்த நாற்பதாண்டுக் கதையும் ஏறக்குறைய அதுவே. 1990-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கூடி, பெருங்கணினிகளோடு இறங்கியும் ஒரு முழுச் சுற்றுகூடக் கைகூடவில்லை.

காரணம் இரண்டு. பத்துச் சமன்பாடுகளில் ஆறு, காலவெளியை ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்கு நகர்த்துபவை. மற்ற நான்கும் ஒவ்வொரு கணத்திலும் மீறப்படாமல் நிற்க வேண்டிய நிபந்தனைகள். கணினி எண்களைத் தோராயமாக்கும்போது அந்நிபந்தனைகளில் மயிரிழைப் பிசகு விழும். அது படிக்குப் படி பெருகிக் கணக்கையே விழுங்கிவிடும். அடுத்தது, இடத்தையும் நேரத்தையும் குறிக்கும் எண்களான ஆயங்களின் சிக்கல். காலவெளிக்குள் யாரும் மைல்கல் நட்டு வைக்கவில்லை. கணக்கு நடக்க நடக்கவே ஆயங்களைத் தேர்ந்தாக வேண்டும். தேர்வு பிழைத்தால், கணினி கணக்கிடும் கட்டப்புள்ளிகள் கருந்துளைக்குள் சரியும், எண்கள் முடிவிலியை நோக்கி ஓடும்.

2005-இல் இயற்பியலாளர் ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ் இரண்டுக்கும் சேர்த்து வழி கண்டார். ‘இசைவு ஆயங்கள்’ எனப்படும் ஆயத் தேர்வின் பொதுவடிவை எடுத்துக்கொண்டு, பிசகு எழும்போதே அதைத் தணிக்கும் உறுப்புகளைச் சமன்பாட்டில் சேர்த்தார். கருந்துளையின் விளிம்பான நிகழ்வெல்லைக்குள்ளிருந்து எதுவும் வெளிவராது என்பதால், உட்பகுதியைக் கணக்கிலிருந்தே வெட்டி எறிந்தார். சில மாதங்களில் நாசாவின் காடார்டு மையமும் பிரவுன்ஸ்வில்லிலிருந்த டெக்சஸ் பல்கலைக்கழகமும் தனித்தனியே வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தன: கருந்துளையைக் குறிக்கும் புள்ளியைக் கட்டத்தின் மீது நகரவிட்டால் போதும். வெற்றியில் பெருங்கணினிக்குப் பங்குண்டு; பெரும்பங்கு ஆயத் தேர்வுக்கே.

கிடைத்த விடைகள் வியப்பானவை. சம நிறையுள்ள, சுழற்சியற்ற இரு கருந்துளைகள் இணைந்தால் மொத்த நிறையில் ஏறத்தாழ 5 விழுக்காடு அலையாகிவிடும். சுழற்சிகள் குறிப்பிட்ட திசைகளில் அமைந்தால், பிறக்கும் கருந்துளை நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், தன் விண்மீன் திரளையே விட்டு வெளியேறுமளவு உதைபடவும் கூடும்.

2015 செப்டம்பர் 14 அன்று ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் லைகோ ஈர்ப்பலை நிலையங்கள் ஐந்தில் ஒரு நொடி நீண்ட சமிக்ஞையைப் பதிந்தன. ஏறத்தாழ 36, 29 சூரிய நிறையுள்ள கருந்துளைகள் இணைந்து 62 ஆயின; எஞ்சிய 3 சூரிய நிறை அலையாகப் போயிற்று. அந்த நிறைகளைச் சொல்ல முடிந்தது, கணினி வரைந்த அலைவடிவங்களோடு சமிக்ஞை பொருந்தியதால்தான். ஒரு கணக்குக்கே பெருங்கணினியில் வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும் என்பதால், தேர்ந்த சில நூறு கணக்குகளைக் கொண்டு திருத்திய விரைவுச் சூத்திரங்களே அன்றாட ஒப்பீட்டுக்குப் பயன்படுகின்றன.

நிறைகள் பெரிதும் வேறுபடும் இணைகள் இன்னும் கடினமானவை. நேரப்படியின் அளவைச் சிறிய கருந்துளை தீர்மானிக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கையோ நிறை விகிதத்தோடு ஏறுகிறது. ஒன்றுக்கு ஆயிரம் என்ற விகிதத்தைத் தாண்டும்போது, சிறியதைப் பெரியதன் காலவெளியில் ஒரு சிறு கலக்கமாகக் கொண்டு கணிப்பதே நடைமுறை.